சத்தியநேசனுக்க மூணு பெட்டி

சத்தியநேசன் வீடா? இது இல்ல சார், இது எனக்க வீடு. எனக்க பேரு தாசையன். அவன் வீடு அந்த அயனி மரம் தாண்டிக் கீழ இறங்கணும். ஆனா இப்பம் போயிப் பிரயோசனம் இல்ல. குழித்துறையில ஏதோ மீட்டிங்குன்னு போயிருக்கான், மூணு மணிக்கு மேலதான் வருவான். எனக்க தங்கச்சியைத்தான் அவன் கெட்டியிருக்கான், அதனால எனக்குத் தெரியும். இருங்க, சாயா குடிக்கலாம். ரோஸ்லெட்டே, ரெண்டு சாயா போடு. சத்தியநேசனைப் பாக்க வந்த ஆளாக்கும்.

எல்லாரும் அவனைப் பாக்கத்தான் வாறாவ. நீங்களும் தேனீக்க சீக்கு விசயமாத்தானே? கம்பம் பக்கமா? அங்கயும் புழு சாவுதா? அப்பம் சரியான ஊருக்குத்தான் வந்திருக்கீங்க. அவன் உங்களை நல்லாக் கவனிப்பான். தங்கச்சி சோறு போடாம விடமாட்டா. ஆனா அவன் சொல்லுத கதையில ஒரு இடம் தப்பு. அதை மட்டும் என்கிட்ட கேட்டுட்டுப் போங்க. பொறாமையில சொல்லல்ல, பாத்துக்கிடுங்க. உள்ளதைச் சொல்லுதேன்.

நானும் அவனும் ஒரே வருசம்தான் தேனீ வளக்கத் தொடங்கினோம். முப்பது வருசத்துக்கு மேல ஆவுது. ஒரே இடத்துல பயிற்சி, ஒரே பெஞ்சு. நாலு வருசத்துல எனக்கு அறுபது பெட்டி. அவனுக்குப் பதினாலு. எனக்க பெட்டி எல்லாம் தேக்கு. பச்சைப் பெயிண்ட் அடிச்சு, எறும்பு ஏறாம இருக்க ஒவ்வொரு காலுக்கும் சிரட்டையில வெள்ளம் ஊத்தி, வரிசையா வச்சிருப்பேன். அவனுக்க பெட்டியைக் கண்டா சிரிப்பு வரும். பழைய கதவு, ஒடிஞ்ச பெஞ்சு, எதையாவது அறுத்து அடிச்சிருப்பான். மூடி ஒழுங்கா அடையாது. திறந்து பாக்கதும் இல்ல.

"மாப்ள, வாரம் ஒருக்கா திறந்து பாக்கணும் இல்லியா?"ன்னு கேப்பேன்.

"அதுக்க சோலியை அது பாக்கும் மச்சான்"ம்பான்.

மழைக்காலத்துல நான் எல்லாப் பெட்டிக்கும் சீனிப்பாகு வைப்பேன். அவன் வைக்கமாட்டான். சாவுதது சாவட்டும், இருக்கது இருக்கட்டும்னு விட்டுருவான். சோம்பேறின்னு அதுக்குத்தான் பேரு. இப்பம் வாற ஆபீசர்மாரு அதுக்கு என்னமோ பெரிய பேரு வச்சு எழுதிட்டுப் போறாவ.

ரப்பர் தளிர் விட்டுத் தேன் ஊறுத மாசத்துல எனக்க பெட்டியெல்லாம் லாரியில ஏத்தி எஸ்டேட்டுக்குக் கொண்டு போவேன். சனங்க வழியில நின்னு பாக்கும். தேன்காரர்னு கேட்டா அன்னைக்கு எனக்க வீட்டைத்தான் காட்டுவாவ. சத்தியநேசனும் வந்து பெட்டி தூக்கித் தருவான். அவனுக்க பதினாலும் வீட்டுக்குப் பின்னாலேயே கெடக்கும்.

அப்பம்தான் அந்தச் சீக்கு வந்தது. தேசம் விட்டு தேசம் வந்த சீக்குன்னாவ. நம்ம ஊர் ஈ அதை அதுக்கு முன்ன கண்டதில்ல. உங்களுக்கு நான் சொல்லவேண்டாம், நீங்களே கண்டிருப்பீங்க. அடையில புழு நல்லா வெள்ளையா சுருண்டு கெடக்கணும். அது நிமிந்து தலையைத் தூக்கிட்டுக் கெடக்கும். ஊசியால தூக்கினா ஒரு பை மாதிரி வரும், உள்ள வெறும் வெள்ளம். மொதல்ல ஒரு பெட்டியில கண்டேன். அந்த வருசம்தான் வெளியூர் ஆளுகிட்டேருந்து புதுசாப் பத்து ஈக்கூட்டம் வாங்கியிருந்தேன். அதுல ஒரு பெட்டி. ராசியில்லாத வருசம், வேற என்ன சொல்ல. பத்து நாளுல பக்கத்துப் பெட்டி. பின்ன அதுக்குப் பக்கத்துப் பெட்டி.

மஞ்சப்பொடி போட்டேன். மனுசன் தின்னுத மாத்திரையைப் பொடிச்சுச் சீனிப்பாகுல கலக்கி வச்சேன். கோயில்ல ஜெபிக்கச் சொன்னேன். ஒண்ணும் கேக்கல்ல. ராணி முட்டை போடப் போட, புழு வெள்ளமாகும். வளந்த ஈ ஒரு நாள் பாத்துட்டுப் பெட்டியை விட்டுப் போயிரும். காலையில போனா சத்தமே இருக்காது. தேன் பெட்டிக்கு ஒரு சத்தம் உண்டு இல்லியா? அது நின்னா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்.

ரெண்டு மாசம். அறுபதும் போச்சு. இல்ல, அம்பத்தி ஒன்பது. ஒண்ணு மட்டும் சாவக் கெடந்தது.

எனக்கு மட்டும் இல்ல. ஊரு முழுக்கப் போச்சு. தோட்டத்துல பூ பூக்கும், காய் பிடிக்காது. பாவல் பிஞ்சு விரல் நீளம் வந்து மஞ்சளாகி உதுந்துரும். வெள்ளரி வளைஞ்சு நிக்கும். ஈ இல்லேன்னா என்ன ஆகும்னு அன்னைக்குத்தான் கிருஷிக்காரனுக்கு மனசிலாச்சு.

சத்தியநேசன் தினமும் வந்தான். பெட்டிக்குள்ள ஈ அடை கட்டுத எனக்க மரச்சட்டங்களை எல்லாம் குழியில போட்டு எரிக்கக் கூட நின்னான். நான் அழல்ல, அவன் அழுதான். அவனுக்கும் சாவுது, பதினாலு பதினொண்ணு ஆச்சு, எட்டாச்சு, அஞ்சாச்சு. உள்ளதைச் சொன்னா, அது எனக்கு ஒரு ஆறுதலா இருந்தது. ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோலப் போவுதேன்னு. தப்பா?

ஆனா மூணுல வந்து நின்னுட்டு.

மூணு பெட்டி, சார். அந்த ஒடிஞ்ச பெஞ்சுல அடிச்ச மூணு பெட்டி. நான் நாளும் போயிப் பாத்தேன். இன்னைக்குப் போவும், நாளைக்குப் போவும்னு பாத்தேன். போவல்ல. மத்தியானம் வாசல்ல ஈ வெயில்ல ஏறி இறங்கி விளையாடுது. தங்கச்சி கனகபாய் துணி காயப்போட்டுட்டே சொல்லுதா, "அவருக்க கைராசி அண்ணே"ன்னு. கைராசியா? அந்தக் கையி அந்தப் பெட்டியைத் தொட்டா இல்லியா ராசி இருக்க!

நம்ம வீட்டுக்குப் பின்னால எனக்க வீட்டுக்காரி ரோஸ்லெட்டு ஒரு பாவல் பந்தல் போட்டிருந்தா. ஒரு நாள் கூப்பிட்டா. "இங்க வாருங்க, பிஞ்சு நிக்குது. மாப்பிள்ளைக்க ஈ வருது"ன்னா. போயிப் பாத்தேன். ஒவ்வொரு பூவுலயும் ஒண்ணு. எனக்க வீட்டுப் பந்தல்ல அவனுக்க ஈ. தோள்ல கெடந்த தோர்த்தை எடுத்து வீசி விரட்டினேன். இந்தப் பக்கம் விரட்டினா அந்தப் பக்கம் போயி இருக்கு.

ரோஸ்லெட்டு இடுப்புல கைய வச்சு நின்னா. "அது யாருக்க வீடுன்னு ஈக்குத் தெரியுமா? உமக்குக் கிறுக்கா?"

வெட்டுக்கத்தியை எடுத்துப் பந்தல் காலு நாலையும் வெட்டினேன். அவ அன்னைக்கு எனக்குச் சோறு போடல்ல. நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க. இன்னைக்கும் பாவக்கா வாங்கினா அவ அதைச் சொல்லாம இருக்கமாட்டா.

அடுத்த வாரம் ஒரு அம்மா வந்தாவ, வசந்தகோகிலம்னு பேரு, தேனீ பத்திப் படிச்ச ஆளு. மூணு பெட்டியையும் திறந்து ஒவ்வொரு சட்டமா வெயில்ல பிடிச்சுப் பாத்தாவ. ஊர்ல தேனீ வளத்த எல்லாரும் சுத்தி நின்னோம். மொதல் கேள்வி, "இந்த வருசம் வெளியேருந்து யாரு கூட்டம் வாங்கினது?"ன்னு. எல்லாரும் என்னைப் பாக்கானுவ. ஏன் என்னைப் பாக்கணும்? காத்துல வாற சீக்குக்கு நான் என்ன செய்ய?

பின்ன அந்தம்மா சொன்னாவ, "இதுக்குச் சீக்கு வந்து எதுத்து நிக்குதா, இல்ல இன்னும் வரவே இல்லியான்னு இப்பம் சொல்ல முடியாது. எதுத்து நிக்குத வம்சமா இருந்தா, இந்த மூணுலேருந்து பெருக்கி எல்லாருக்கும் கொடுக்கலாம். அதுவரைக்கும் வெளி ஆளு யாரும் தொடக்கூடாது. வேற பெட்டிக்க சாமானம் ஒண்ணும் பக்கத்துல வரக்கூடாது. இது போச்சுன்னா பின்ன இந்தப் பக்கத்துல ஒண்ணும் இல்ல."

சத்தியநேசன் கைகட்டி நின்னு தலையாட்டுதான். எல்லாருக்கும் கொடுக்கலாமாம். அதாவது நான், அறுபது பெட்டிக்காரன், அவன் வாசல்ல போயி நிக்கணும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டேன். ரோஸ்லெட்டு கோயிலுக்குப் போனா. அவனும் தங்கச்சியும் போனாவ. பத்து மணி வெயில். எனக்கு மிச்சம் இருந்தது அந்தச் சாவக் கெடந்த ஒரு பெட்டி. அதைத் திறந்து, நல்லாப் புழு செத்துக் கெடந்த ஒரு சட்டத்தை எடுத்து ஈரச் சாக்குல பொதிஞ்சேன்.

எதுக்குன்னு கேக்கீங்களா? கேக்கல்லியா? முகத்துல தெரியுது.

போனேன். மூணுல நல்லாத் தழைச்சது நடுவுல உள்ள பெட்டி. புகை போட்டா மணம் நிக்கும்னு புகை இல்லாமலே திறந்தேன். நடுச் சட்டத்தை உருவி எடுத்து, அந்த இடத்துல எனக்கதை இறக்கினேன். கண்ணிமையில ஒண்ணு கொத்துச்சு. கழுத்துல ரெண்டு. மூடியை வச்சேன். எடுத்த சட்டத்தை என்ன செய்ய? கையில இருக்கு, முழுக்க நல்ல புழு, முத்து மாதிரி. வாற வழியில குளத்துல எறிஞ்சேன். அது உடனே முங்கல்ல. கொஞ்ச நேரம் மிதந்தது. நான் நின்னு பாத்தேன், ஏன்னு தெரியல்ல.

ரோஸ்லெட்டு வந்து கண்ணைக் கண்டு கேட்டா. குளவின்னேன்.

மறுநாளு போவல்ல. மூணாம் நாள் போனேன். சத்தியநேசன் நடுப்பெட்டிக்கு முன்னால குத்த வச்சு இருக்கான். "என்ன மாப்ள?"ன்னேன்.

"இங்க இருந்து பாரும் மச்சான்"ன்னான்.

பாத்தேன். வாசல்ல ஈ செத்த புழுவை இழுத்துட்டு வருது. ஒண்ணு இழுக்க முடியல்லேன்னா ரெண்டு சேந்து இழுக்குது. வெளிய கொண்டு வந்து தள்ளிட்டுத் திரும்ப உள்ள போவுது. கீழ மண்ணுல வெள்ளையாச் சிதறிக் கெடக்கு. எனக்க ஈ, அறுபது பெட்டி ஈ, ஒண்ணு கூட இப்படிச் செய்யல்ல. செத்ததுக்கு மேல நடந்து போயிட்டிருந்ததே தவிர, எடுத்து வெளிய போடணும்னு அதுக்குத் தோணல்ல. நான் அதுகளுக்குச் சீனிப்பாகு கொடுத்து வளத்தேன்.

பத்து நாள் கழிச்சு அவன் அந்தச் சட்டத்தைத் தூக்கி என்கிட்ட காட்டினான். கழுவி வச்ச மாதிரி இருந்தது. ஒவ்வொரு அறையிலயும் ராணிக்க புது முட்டை, நேரா நிக்குது. "கண்டீரா?"ன்னான். கண்டேன். எனக்க கையால நான் அடிச்ச சட்டம், எனக்குத் தெரியாதா? அவன் ஒண்ணும் சொல்லல்ல. நானும் சொல்லல்ல.

அவன் வசந்தகோகிலம் அம்மாவுக்கு எழுதினான். அந்தம்மா கடிதம் கிடைச்ச மறுநாளே வந்தாவ. வேற சீக்குச் சட்டம் கொண்டு வந்து மத்த ரெண்டு பெட்டியிலயும் வச்சுப் பாத்தாவ. அதுகளும் இழுத்து வெளிய போட்டுது. அந்தம்மாவுக்கு ஒரு இடத்துல நிக்க முடியல்ல, வெயில்ல ஓடி ஓடிப் படம் எடுத்தாவ. பின்ன உங்களுக்குத் தெரியுமே. மூணு ஆறாச்சு, ஆறு இருபதாச்சு. ராணியை வளத்து வளத்து ஊருக்கெல்லாம் கொடுத்தாவ. பந்தல்ல பாவல் பிடிச்சுது. வெள்ளரி நேரா நின்னுது. சத்தியநேசனுக்க பேரு பேப்பர்ல வந்தது.

மொதக் கூட்டத்தை யாருக்குக் கொண்டு வந்தான் தெரியுமா? எனக்கு. தலையில சுமந்து, ஒரு காலைல. "வேண்டாம்"னேன். ரோஸ்லெட்டு என்னைத் தள்ளிட்டுப் போயி ரெண்டு கையும் நீட்டி வாங்கினா. வீட்டுக்குப் பின்னால இறக்கி வச்சா. எனக்க தேக்குப் பெட்டியில அவனுக்க ஈயை மாத்தினோம். அது அன்னைக்கே என்னை மூணு இடத்துல கொத்துச்சு.

மறு வருசம் நாகர்கோவில்ல ஒரு கூட்டம். தேனீ வளக்கிற ஆளு எங்கேருந்தெல்லாமோ ஒருபாடு வந்திருந்தாவ. மேடையில சத்தியநேசனைக் கூப்பிட்டாவ. நான் பின்வரிசையில, தூணுக்கு மறைவுல இருந்தேன். வரமாட்டேன்னுதான் சொன்னேன், தங்கச்சி விடல்ல. அவனுக்கு மைக்குல பேசத் தெரியாது. மைக்கைப் பிடிச்சுட்டுச் சொல்லுதான்,

"நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல்ல. மிச்சம் நின்ன மூணு பெட்டிக்கும் சீக்கு வரல்லேன்னுதான் நான் நெனச்சிருந்தேன். சீக்குள்ள சட்டத்தை உள்ள வச்சுப் பாக்கணும்னு மொதல்ல தோணினது எனக்க மச்சானுக்காக்கும். அறுபது பெட்டி போன மனுசன். அவருதான் கொண்டு வந்து வச்சாரு. அது இல்லேன்னா இதெல்லாம் இல்ல. தாசையன் அண்ணன் அங்க இருக்காரு."

எல்லாத் தலையும் திரும்பிச்சு. கை தட்டுதானுவ. என்னைப் பிடிச்சு இழுத்து மேடையில ஏத்தினாவ. ஒரு சால்வை. வசந்தகோகிலம் அம்மா எனக்க கையப் பிடிச்சு, "இதை ஏன் என்கிட்ட நீங்க சொல்லவே இல்ல?"ன்னு கேக்காவ. கண்ணு கலங்கியிருக்கு அந்தம்மாவுக்கு. சத்தியநேசன் பக்கத்துல நின்னு எல்லாரையும் விட ஓங்கித் தட்டுதான்.

திரும்பி வரும்போ பஸ்ல ரெண்டு பேரும் ஒரே சீட்டு. தக்கலை தாண்டினதும் கேட்டேன், "எப்பம் தெரியும்?"

"அன்னைக்கு ஆராதனை முடிஞ்சு வந்தேன் இல்லியா, அப்பமே. நடுப்பெட்டி மூடி கோணி இருந்தது. திறந்தா உள்ள தேக்குச் சட்டம். இந்த ஊர்ல தேக்குல சட்டம் அடிக்கிற ஆளு வேற யாரு?"

"அப்பமே எடுத்து எறிய வேண்டியதுதானே?"

"எடுக்கத்தான் கைய வச்சேன். அதுக்குள்ள ஈ ஒரு புழுவை இழுத்து வெளிய எடுக்குது. அதைப் பாத்ததும் கைய எடுத்துட்டேன்."

"என்கிட்ட ஏன் கேக்கல்ல?"

"கேட்டா பின்ன நீரு எனக்க வீட்டுப் படி ஏறுவீரா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொல்லுதான், "உமக்கு அறுபது பெட்டி இருந்தப்போ எனக்கும் அப்படித் தோணினதுண்டு மச்சான். எறும்பு ஏறட்டும்னு உமக்க சிரட்டையை எல்லாம் கவுத்திப் போடணும்னு. நான் செய்யல்ல. நீரு செய்தீரு. அவ்வளவுதான்."

பாத்தீங்களா சார்? பொறாமைப்பட்டதுலயும் அவன்தான் எனக்கு முந்தி.

பின்ன கேட்டான், "எனக்க சட்டத்தை என்ன செய்தீரு?"

"குளத்துல எறிஞ்சேன்."

அவன் முகம் சுருங்கிச்சு. "அது நல்ல அடையாக்கும்"ன்னான். இந்த முப்பது வருசத்துல அவன் என்னைக் குறை சொன்னது அது ஒண்ணுதான். அதைச் சொல்லிட்டு எனக்க தோள்ல தலையைச் சாய்ச்சு உறங்கிட்டான். மார்த்தாண்டம் வருத வரைக்கும் நான் அசையல்ல. தோள் வலிச்சுது. அவனை எழுப்பி ரெண்டு அடி அடிக்கணும் போல இருந்தது. 'நீ என்னைக் கொல்லப் பாத்தாய், எனக்க பிள்ளைகளுக்க கஞ்சியில மண்ணு போடப் பாத்தாய்'ன்னு அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானும் நாலு வார்த்தை பேசி, சண்டை போட்டு, பின்ன அழுது தீத்திருப்பேன். அதுக்கு அவன் இடம் தரல்ல. நல்ல பேரு அவன்கிட்ட உண்டு, சரி. எனக்குன்னு இருந்தது ஒரு கெட்ட காரியம். அதையும் வாங்கிக் கழுவி, நல்லதாக்கி, சால்வை போட்டுத் திருப்பித் தந்துட்டான்.

அதனாலதான் சொல்லுதேன். இப்பம் நீங்க அங்க போனா மொதல்ல என்னைப் பத்தித்தான் சொல்லுவான். மச்சானுக்க புத்தி, மச்சானுக்க தைரியம்னு. தங்கச்சியும் கூட இருந்து தலையாட்டுவா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எழுதிக்கிட்டு வந்துராதீங்க. நான் நல்லதுக்கு வைக்கல்ல சார். அந்த மூணும் செத்துப் போவட்டும்னுதான் வச்சேன். அவனைத் தேடி வாற எல்லாரையும் பிடிச்சு இருத்தி, சாயா கொடுத்து, இதைச் சொல்லித்தான் அனுப்புதேன். ரோஸ்லெட்டு கூடச் சொல்லுவா, "உமக்குக் கிறுக்கு, யாராவது தன்னைப் பத்தி இப்படிச் சொல்லுவாவளா"ன்னு.

மணி மூணு அடிச்சுட்டு. அவன் வந்திருப்பான், போங்க. ராணி கேட்டா கொடுப்பான், காசு வாங்கமாட்டான். கொண்டு போயி நாலு மாசம் தனியா வச்சுப் பாருங்க, பிறகு மத்ததுக்குப் பக்கத்துல வையுங்க. தேன் கொடுத்தா வேண்டாம்னு சொல்லாதீங்க. எனக்கதை விட அவனுக்க தேன் நல்லதாக்கும். ஈ எல்லாம் ஒண்ணுதான், ஏன்னு எனக்குத் தெரியல்ல.